மலையை ஜல்லியாக்கின ஊர்ல இத்தாலி கனவு

மக்களே, ஒரு மாசமா பாத்துட்டு இருக்கேன். நம்ம வட்டத்துல சைக்கிள் ஓட்டுற பதிவருங்க யாரு பக்கத்தைத் திறந்தாலும் டஸ்கனி. வெள்ளை மண் ரோடு, ரெண்டு பக்கமும் ஒல்லியா சைப்ரஸ் மரம், மேட்டு மேல ஒரு கல் வீடு, கீழ பள்ளத்தாக்குல ஆறு. படத்துக்குக் கீழ ஒரு வரி: "ஹூம்... நம்ம சென்னைல என்ன இருக்கு?" அதுக்குக் கீழ வரிசையா ரிப்பீட்டேய்.

பெருமூச்சு விடுறது அவங்கவங்க உரிமை, நான் குறுக்க வரல. ஆனா "என்ன இருக்கு"ன்னு கேள்வி கேட்டுட்டீங்கல்ல? மயிலாப்பூர்ல, பக்கிங்ஹாம் கால்வாய்க்கு ரெண்டு தெரு தள்ளி குடியிருக்கிறவன்கிட்ட இப்படிக் கேட்டா பதில் கொஞ்சம் நீளமாத்தான் வரும். காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல, க்ராவல் பைக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. பாக்குறதுக்கு ரேஸ் சைக்கிள் மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார். ஆனா டயர் தடி. 38, 40, 45 மில்லிமீட்டர். காத்தும் கம்மியா வச்சுக்கலாம். தார் ரோடு முடிஞ்சு சரளையும் மண்ணும் ஆரம்பிக்கிற இடத்துல இறங்கித் தள்ளாம அப்படியே ஓட்டிட்டுப் போகலாம். விலை லட்சத்துல பேசுவாங்க. சரி. இப்ப உங்க தாத்தா ஓட்டின கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளை நினைச்சுக்கோங்க. பால் கேன் ரெண்டு பக்கமும் தொங்குமே, அதே. அதோட டயர்ல என்ன போட்டிருக்கும்? 28-க்கு ஒண்ணரை. மில்லிமீட்டர்ல சொன்னா 40. அதாவது ஐரோப்பாக்காரன் போன பத்து பதினஞ்சு வருஷத்துல கண்டுபிடிச்ச அதிசய அளவுல நம்ம பால்காரர் அம்பது வருஷமா ஏரிக்கரை மேல போயிட்டு இருந்தார். கியர் கிடையாது, எடை ரெட்டிப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த சைக்கிள்ல நிறைய இங்க அம்பத்தூர்ல செஞ்சது வேற.

ஆக, சைக்கிள் நமக்குப் புதுசு இல்ல, மண் ரோடும் புதுசு இல்ல. நமக்கும் இத்தாலிக்காரனுக்கும் வித்தியாசம் வேற இடத்துல இருக்கு.

நீங்க படம் போடுற அந்த வெள்ளை ரோடுங்க ஆண்டவன் கொடுத்த வரம்னு நினைச்சுட்டு இருக்கீங்க. கிடையாது. அங்கயும் ஒவ்வொண்ணா தார் போட்டு மூடிட்டு வந்தாங்க. 1997-ல ஜியான்கார்லோ ப்ரோச்சின்னு ஒருத்தர், கியாந்தி பகுதியில கயோலேங்கிற சின்ன ஊர்ல, "எரோய்க்கா"ன்னு ஒரு சைக்கிள் ஊர்வலம் மாதிரி ஆரம்பிச்சார். முதல் வருஷம் வந்தது நூறு பேர் கூட இல்ல. பழைய பாணி சைக்கிள்லதான் வரணும், 1987-க்கு முந்தினது. நம்ம ரோட்ஸ்டரை எடுத்துட்டுப் போயிருக்கலாம் :-). அந்தக் கூத்துக்குப் பின்னாடி இருந்த எண்ணம் வெளிப்படையானது: இந்த மண் ரோடுகளை அப்படியே காப்பாத்தணும். ஊர்க்காரங்க நின்னாங்க. நிரந்தரமா 209 கி.மீ.க்கு வழிகாட்டிப் பலகை வச்சாங்க. 2007-ல அதே ரோடுங்கள்ல தொழில்முறை வீரர்களுக்குப் பந்தயம் வந்துச்சு, இப்ப அதோட பேரே "ஸ்த்ராதே பியாங்கே", வெள்ளை ரோடுங்கன்னு அர்த்தம். நீங்க பெருமூச்சு விட்டுட்டு இருக்கிறது அந்த எதிர்ப்போட அறுவடையைப் பாத்து.

இங்க என்ன பண்ணோம்? மண் ரோடுன்னா "இன்னும் வேலை முடியல"ன்னு அர்த்தம். எந்த கான்ட்ராக்டர் எப்ப வருவார்ங்கிறது மட்டும்தான் கேள்வி.

மலையில இருந்தே தொடங்குவோம். மலை இல்லாத ஊரா சென்னை? பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம். இந்தக் கல்லுக்குப் புவியியல்ல சார்னோக்கைட்னு பேரு. கல்கத்தாவுல ஜாப் சார்னாக் சமாதிக்கல் இந்தக் கல்லுங்கிறதால வந்த பேரு. உலகம் முழுக்க பாடப்புத்தகத்துல இருக்கு. நாம அந்தப் பெருமையை என்ன பண்ணோம்? வெடி வச்சு உடைச்சோம். பல்லாவரம், திரிசூலம் பக்கம் போய்ப் பாருங்க, மலை இருந்த இடத்துல தண்ணி நிக்கிற பள்ளம். இத்தாலியில மலை மேல சரளைப் பாதை. நம்ம ஊர்ல மலையையே ஜல்லி ஆக்கி ரோட்டுல கொட்டிட்டோம். நீங்க தினமும் ஆபீஸ் போறப்ப மலை மேலதான் போறீங்க சாமி, தெரியலையா?

ஏரிக்கு வாங்க. தி.நகர்ல தீபாவளிக்குத் துணி எடுக்கப் போறீங்களே, 1920-கள் வரைக்கும் அங்க ஒரு நீள ஏரி. 'லாங் டேங்க்'னு வெள்ளைக்காரன் பேரு வச்சான். அதை வடிச்சு மனை போட்டுத்தான் மாம்பலம் பக்கம் நகரம் வளந்துச்சு. ஏரி போச்சு, பேரு மட்டும் ஆவி மாதிரி சுத்திட்டு இருக்கு. நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியா இருக்கு, டேங்க் பண்ட் ரோடு இருக்கு. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்கு, வியூ எங்கன்னு கேக்கக்கூடாது. ஏரிக்கரை மேல சைக்கிள் விடுறது ஒண்ணும் ஃபாரின் ஐடியா இல்லங்கிறதுக்கு கார்ப்பரேஷன் பெயர்ப்பலகையே சாட்சி.

இதெல்லாம் பழங்கதை, போனது போச்சுன்னு விட்டுடலாம். என்னால விட முடியாதது கால்வாய்.

1876-லிருந்து 78 வரைக்கும் சென்னை மாகாணத்துல தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்குல செத்தாங்க. அப்ப பஞ்ச நிவாரண வேலைன்னு சொல்லி, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க சுமார் 8 கி.மீ.க்கு ஒரு கால்வாய் வெட்ட வச்சாங்க. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியா போகுதே, அதுதான். அரைவயித்துக் கூலிக்குப் பட்டினி ஜனம் தோண்டின பள்ளம். அதுக்குப் பேரு மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவோடது. வடக்க ஆந்திரால பெத்தகஞ்சாம்ல இருந்து தெக்க மரக்காணம் வரைக்கும் மொத்தம் 420 கி.மீ. தண்ணி வழி. விறகு, உப்பு எல்லாம் இதுல வந்துச்சு. காத்து அடிச்சா பாய் விரிப்பாங்க, இல்லன்னா கழி ஊனுவாங்க, அதுவும் ஓடலன்னா ஆள் கரையில இறங்கித் தோள்ல கயிறு கட்டி இழுத்துட்டு நடப்பான்.

அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படிங்க. கரையில நடப்பான். அப்படின்னா கரை நெடுக ஒரு பாதை இருந்திருக்கணும்ல? மேடு பள்ளம் இல்லாம, சிக்னல் இல்லாம, தண்ணி ஓரமா, நகரத்தை வடக்கு தெக்கா அறுத்துக்கிட்டுப் போற ஒரு மண் பாதை. உலகத்துல எந்த ஊர் சைக்கிள்காரன்கிட்ட சொன்னாலும் எச்சில் ஊறும்.

மிலன் நகரத்துல மார்த்தெசானான்னு ஒரு கால்வாய், 15-ஆம் நூற்றாண்டுது. அத்தா ஆத்துல இருந்து மிலனுக்கு 38 கி.மீ. அங்கயும் படகை இழுக்கக் கரையில பாதை இருந்துச்சு. இன்னைக்கு அதுதான் சைக்கிள் பாதை. மிலன்ல இருந்து கிளம்பி, திரும்பிப் பாக்காம ஆத்துப் பள்ளத்தாக்குக்குப் போயிடலாம். மிலன்காரங்க ஒண்ணும் உத்தமருங்க கிடையாது, நகரத்துக்குள்ள ஓடின கால்வாய்ங்களை மூடி ரோடு போட்டவங்கதான் அவங்களும். மூடாம விட்டு வச்சதை ஒழுங்கா வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

நாம? 1995-ல கடற்கரை-சேப்பாக்கம், 1997-ல மயிலாப்பூர், 2004-ல திருவான்மியூர், 2007-ல வேளச்சேரின்னு பறக்கும் ரயில் வந்துச்சு. நிலம் எடுத்தா காசு ஆகும், கேஸ் போடுவாங்க. கால்வாய்க்கு யாரு கேஸ் போடுவா? தண்ணிக்குள்ளயும் கரையிலயுமா தூணை இறக்கிட்டாங்க. அடப்பாவிகளா, நான் அந்த ரயில்ல போறவன்தான், ரயில் வேணாம்னு சொல்லல. மேல ரயில் போகட்டும். கீழ ரெண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு மண் பாதை விட்டா தூண் கோவிச்சுக்குமா? திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலைன்னு ஸ்டேஷன் ஸ்டேஷனா இறங்கிப் பாருங்க. கீழ எத்தனை இடம் இருட்டடிச்சு, குப்பையோ டூ வீலரோ நிக்கிறதுக்கு மட்டும் ஆகிக் கிடக்குதுன்னு.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, இத்தாலியில இதுக்கு நேர் தலைகீழா நடந்திருக்கு. உம்ப்ரியா மலையில ஸ்பொலேத்தோவுல இருந்து நோர்ச்சியாவுக்கு 51 கி.மீ.க்கு ஒரு சின்ன ரயில் பாதை. 1926-ல வந்து 1968-ல மூடினாங்க. அந்தப் பாதைய, சுரங்கம் பாலத்தோட, நெரா ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா நடக்கவும் சைக்கிளுக்கும்னு மாத்தினாங்க. 2016 நிலநடுக்கத்துல அடி வாங்கியும் அதை விட்டுடல. அவங்க ரயில் பாதைய சைக்கிளுக்குக் கொடுத்தாங்க. நாம படகுப் பாதைய ரயிலுக்குக் கொடுத்துட்டு, ஃபோன்ல அவங்க படத்தை வால்பேப்பர் வச்சிருக்கோம்.

"பாலிசி இல்லப்பா இந்த நாட்ல"ன்னு ஆரம்பிக்காதீங்க. பாலிசி இருக்கு. 2014-ல சென்னை மாநகராட்சியே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்குன்னு தனிக் கொள்கை போட்டுச்சு. போக்குவரத்து பட்ஜெட்ல குறைஞ்சது 60 சதவீதம் நடக்கிறவனுக்கும் சைக்கிள்காரனுக்கும். 2018-க்குள்ள நடையும் சைக்கிளும் 40 சதவீதத்துக்கு மேல, சாவு பூஜ்யம். நான் புளுகல, எழுதி வச்சது. 2018 வந்து, போயும் போயிடுச்சு. 2019-ல பாண்டி பஜார்ல அகல நடைபாதை வந்துச்சு, நல்ல விஷயம், மறுக்கல. ஷாப்பிங் பண்றவன் நடக்கலாம். சித்தாள் வேலைக்கு சைக்கிள்ல போறவன் அதே பழைய ரோட்டுல பஸ்சுக்கும் டிவைடருக்கும் நடுவுல.

அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சது 2001-02-ல, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு. 2005-06-ல அரசு, உதவி பெறும் பள்ளிகள்ல பதினோராம் வகுப்பு படிக்கிற எல்லாருக்கும்னு ஆச்சு. எத்தனை லட்சம் சைக்கிள்! நல்ல திட்டம், கண்ணை மூடிட்டு கை தட்டுவேன். ஆனா சைக்கிளைக் கையில கொடுத்துட்டு ஓட்டுறதுக்கு ஒரு முழ ரோடு ஒதுக்காத அரசாங்கத்தை என்னன்னு சொல்றது? தட்டு கொடுத்துட்டு சோறு போடாத பந்தி.

இப்ப நம்ம ஆளுங்க பக்கம் வரேன். கோவிச்சுக்காதீங்க. உள்குத்து இல்ல, நேர்குத்துதான்.

ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு அடையார்ல கூடி, ஒரே கலர் ஜெர்சி போட்டு, ஈ.சி.ஆர்.ல முட்டுக்காடு வரைக்கும் போய், இட்லி வடை சாப்ட்டுத் திரும்புற கூட்டம் பெருசு. உடம்புக்கு நல்லது. சிலர் சைக்கிளைக் கார் மேல கட்டி அக்கரை வரைக்கும் எடுத்துட்டுப் போய் அங்கிருந்து ஓட்டுறாங்க. அதுவும் அவங்க இஷ்டம். ஆனா ஒண்ணு கேக்குறேன். ஈ.சி.ஆர்.க்கும் ஓ.எம்.ஆர்.க்கும் நடுவுல அதே பக்கிங்ஹாம் கால்வாய் உங்க கூடவே தெக்கால வருது. எத்தனை பேர் ஒரு தடவையாவது வலது பக்கம் திரும்பி அது கரை எப்படி இருக்குன்னு பாத்திருக்கீங்க? "ரோட்ல தனி லேன் வேணும்"னு கோரிக்கை வைக்கத் தெரியுது. தண்ணிக்கரை வேணும்னு கேக்க வாய் வரல. ஏன்னா அந்தக் கரையில போறவன் மீன் கூடை கட்டினவன், புல்லுக்கட்டு வச்சவன். நாம அந்த சைக்கிளை சைக்கிள்னே எண்ணுறது இல்ல.

போன ஜனவரியில செங்கல்பட்டு தாண்டி ஒரு சுத்து போனேன். மயிலாப்பூர்ல இருந்து ஜி.எஸ்.டி. ரோடு, அது ஒரு பாவ விமோசனம், வேற வழியில்ல. பாலாத்தைப் புடிச்சதும் உலகம் மாறிடுது. பழையசீவரம் குன்று இந்தப் பக்கம், எதிர்க்கரையில திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்ற இடம். தண்ணிய விட மணல்தான் கண்ணுக்குத் தெரியும், அந்த மணலும் லாரி லாரியா போனது போக மிச்சம். அங்க பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு, 15 படுக்கை ஆஸ்பத்திரி நடத்தின கணக்கு எழுதியிருக்கு. அங்கிருந்து உத்திரமேரூருக்கு ஏரிக்கரை, வாய்க்கா வரப்பு, மண் பாதைன்னு மாத்தி மாத்தி. பனைமரம் வரிசை, ஒரு பக்கம் தண்ணி, மறு பக்கம் நாத்து நட்ட வயல், நடுவுல செம்மண் கரை. கரைய விட்டு இறங்கினா மதகு, கொஞ்ச தூரத்துல கலங்கல். சைப்ரஸ் மரத்துக்கு ஏங்குறவங்க பனை வரிசைய ஒரு தடவை விடியக்காலைல பாருங்க, அப்புறம் பேசுவோம்.

ஒரு கரையில பெரியவர் ஒருத்தர் ரோட்ஸ்டரை நிறுத்திட்டு என் வண்டியை ஒரு கையால தூக்கிப் பாத்தார்.

"இன்னா சார், வெயிட்டே இல்ல. கேரியர் எங்க?"

"கேரியர் இல்லைங்க பெரியவரே."

"ஸ்டாண்டு?"

"அதுவும் இல்ல."

"அப்ப எதுக்கு சார் இது?"

பதில் வச்சிருக்கீங்களா யாராவது? எனக்கு இன்னும் வரல :-)

உத்திரமேரூர்னா எல்லாருக்கும் குடவோலை ஞாபகம் வரும். பராந்தகன் காலம், 919, 921. மேடையில ஜனநாயகம் பேசுறவங்க எல்லாம் இழுக்குற கல்வெட்டு. அதுல யாரைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஏரி வாரியம்! ஏரியையும் கரையையும் பாத்துக்க வருஷா வருஷம் ஓலை போட்டு ஆள் எடுத்திருக்காங்க. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி கரைக்கு ஒரு கமிட்டி. இன்னைக்குக் கரைக்கு யாரு? டெண்டர் எடுத்தவர். வந்தார்னா முதல் வேலை சிமென்ட் கல் பதிக்கிறது, ரெண்டாவது கம்பி வேலி, மூணாவது கலர் லைட்டு, நாலாவது வாசல்ல "சைக்கிள் அனுமதி இல்லை". கேட்டா ஏரி சீரமைப்பு, பூங்கா, அழகுபடுத்தல். புல்லுக்கட்டுக்காரர் சுத்திக்கிட்டு தார் ரோட்டுல போகணும், லாரிக்கு நடுவுல.

அடிக்கடி வர்ற சில எதிர்வாதம், சட்டு சட்டுன்னு முடிச்சுடுறேன். வெயில்? டஸ்கனியிலயும் ஜூலைல 35 டிகிரி எல்லாம் வரும், எரோய்க்காவே அக்டோபர்லதான் நடக்குது. நமக்கு டிசம்பர் பாதியில இருந்து பிப்ரவரி. நாய்? ஒத்துக்கிறேன், அதுக்கு என்கிட்ட தீர்வு இல்ல. நாத்தம்? கால்வாய் நாறுதுன்னா அதுல சாக்கடையை விட்டது நாமதான், தினமும் நாலு பேரு அது ஓரமா போனாதான் நாத்தம் உறைக்கும்.

ஒண்ணை மட்டும் வேகமா தாண்ட முடியாது. "ஆத்தங்கரையில பாதை கேட்டா, அங்க குடிசை போட்டிருக்கிறவங்களைத் தூக்கிடுவாங்க, அதுக்கு நீ துணை போறியா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். சரியான கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கப்புறம் அடையாத்துக் கரையில இருந்து ஆயிரக்கணக்கான குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கும் மத்த இடங்களுக்கும் அனுப்பினாங்க. வேலை இங்க, வீடு அங்க. அந்தக் காலி இடத்துல எனக்கு சைக்கிள் பாதை வேணாம். ஒரு வீட்டை இடிச்சு வர்ற பாதை எவ்வளவு அழகா இருந்தாலும் நான் டயர் வைக்க மாட்டேன். நான் கேக்குறது ஏற்கனவே தூணுக்கும் குப்பைக்கும் பார்க்கிங்குக்கும் போன இடத்தை. அதை முதல்ல பயன்படுத்தப் போறது என் தடி டயர் இல்ல. காலைல நாலரைக்கு பேப்பர் போடுற பையன், மந்தைவெளியில இருந்து வீட்டு வேலைக்கு நடந்து போற அக்கா, கரையோரமே குடியிருக்கிற அதே ஜனம்.

அதனால ஜெர்சி போட்ட கூட்டத்துக்கு ஒரு வேலை சொல்றேன். அடுத்த ஞாயிறு ஈ.சி.ஆர். வேணாம். காலைல ஆறு மணிக்குத் திருமயிலை ஸ்டேஷன் வாசல். கால்வாய் ஓரமா, எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஒட்டி, திருவான்மியூர் வரைக்கும். ஓட்ட முடிஞ்சா ஓட்டுவோம், இல்லன்னா தள்ளுவோம். எங்க சுவர் மறிக்குது, எங்க வேலி, எங்க பாதை திறந்திருக்கு, ஒவ்வொரு இடமா படமும் அளவும் எடுத்து, 2014 கொள்கையோட நகலையும் சேத்து வார்டு கவுன்சிலர்கிட்ட எழுத்துல கொடுப்போம். ரோட்ஸ்டர் வச்சிருக்கிறவங்க கண்டிப்பா வாங்க.

பி.கு.: உத்திரமேரூர் பக்கம் தனியா போறவங்களுக்கு. கரை பூரா சீமைக்கருவேலம். முள்ளு சாதாரண டியூபைச் சல்லடை ஆக்கிடும். ரெண்டு டியூப், ஒட்டுத்துண்டு, பம்பு இல்லாம கிளம்பாதீங்க. வழியில பஞ்சர் கடை இருக்கு, ஆனா உங்க மெல்லிசு வால்வைப் பாத்துட்டு அவர் சிரிச்சா என்னைத் திட்டக்கூடாது.